தண்ணீர் வருமுன் வரைய வேண்டிய படம்

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முதல் நாள் தொடங்கிய மழை விடவே இல்லை. அன்றும் மறுநாளும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்த நம் எல்லோருடைய கைப்பேசிகளிலும் ஒரே மாதிரியான செய்திகள் வந்துகொண்டே இருந்தன. மாடியில் மாட்டிக்கொண்டோம். அம்மாவால் நடக்க முடியாது. கைக்குழந்தை இருக்கிறது. யாராவது படகு அனுப்புங்கள்.

ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் பல வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் தண்ணீருக்குள் போயிருந்தது. மீட்புப் படையினரோடு பொதுமக்களும் சொந்தப் படகுகளையும் கயாக்குகளையும் எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தார்கள். அந்த மனிதநேயத்தை இன்றும் நன்றியோடு பேசுகிறோம்.

ஆனால் வெளியூரிலிருந்து படகோடு வரும் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரே மாதிரியான வரிசை வீடுகள். இருட்டு. தெருப் பெயர்ப்பலகை தண்ணீருக்குள். மின்சாரமில்லை. கைப்பேசியில் அலைவரிசை வருவதும் போவதுமாக இருக்கிறது. எந்தத் தெருவில் ஆழம் குறைவு, எந்த முனையில் பெரிய கால்வாய் இருக்கிறது, எந்தச் சுவரைத் தாண்டினால் மேடு என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தகவல் ஒவ்வொரு தாமானிலும் இருக்கத்தான் செய்கிறது. யார் தலைக்குள்ளோ இருக்கிறது. அதை மழைக்கு முன்பே வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கும் ஒரு படத்தில் வைப்பதைத்தான் சமூக வரைபடம் என்கிறார்கள். வெள்ளம் வரும் ஊர்களில் பல நாட்டு மக்கள் இதைச் செய்திருக்கிறார்கள். நாமும் செய்யலாம். பெரிய செலவில்லை. சில சனிக்கிழமைக் காலைகள் போதும்.

610 கோடி ரிங்கிட்

அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தலைநகரில் ஒரே நாளில் பெய்த மழை, வழக்கமாக ஒரு மாதத்தில் பெய்யும் சராசரி மழையை விட அதிகம் என்று அதிகாரிகள் கூறினார்கள். 2021 இறுதியில் வந்த அந்த வெள்ளத்தின் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் பாதியளவு, ஏறக்குறைய 310 கோடி ரிங்கிட், சிலாங்கூரின் இழப்பு. குடியிருப்புகளுக்கு 160 கோடி, வாகனங்களுக்கு 100 கோடி, பொதுச் சொத்துகளுக்கும் உள்கட்டமைப்புக்கும் 200 கோடி.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். வீட்டுச் சோபாவும் தொலைக்காட்சியும் நனைந்தால் அது அந்த வீட்டின் இழப்பு. ஒரு துணை மின்நிலையம் நனைந்தால் அது நூற்றுக்கணக்கான வீடுகளின் இருட்டு. இப்படி, தான் விழும்போது மற்றவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும் வசதிகளைத்தான் உயிர்நாடி வசதிகள் என்கிறோம்.

ஆற்றோரத் தாழ்நிலத்தில் இருக்கும் ஒரு தாமானை எடுத்துக்கொள்வோம். சாதாரண நாளில் மழைத்தண்ணீர் லோங்காங்கில் ஓடி, பெரிய கால்வாயில் சேர்ந்து, மதகு வழியாக ஆற்றுக்குப் போகிறது. ஆற்று நீர்மட்டம் உயர்ந்தால் மதகு மூடப்படும். இல்லையென்றால் ஆறு உள்ளே வந்துவிடும். மதகு மூடிய பிறகு உள்ளே பெய்யும் மழைக்கு ஒரே வழி பம்ப்தான். பம்புக்கு மின்சாரம் வேண்டும், அல்லது டீசல் வேண்டும். தண்ணீர் துணை மின்நிலையத்தை நெருங்கினால், உயிர்ப் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். மின்சாரம் போன சில மணி நேரத்தில் கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துபோகும். அதன் பிறகு உதவி கேட்கக்கூட வழியில்லை.

கிள்ளான் ஆற்றுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது கடலில் கலக்கும் கிள்ளான் துறைமுகப் பகுதியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறும். ஏற்றத்தின்போது ஆற்றுத் தண்ணீர் வேகமாக வடியாது. மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால், மேட்டில் நின்றுவிட்ட மழைக்குக்கூடத் தாழ்நிலம் விலை கொடுக்கும்.

மதகு, பம்ப் நிலையம், மின்நிலையம், கோபுரம் என்ற இந்தச் சங்கிலி நம் தாமானில் எங்கெங்கே இருக்கிறது? நம்மில் எத்தனை பேரால் கை நீட்டிக் காட்ட முடியும்?

ஜகார்த்தா காட்டிய வழி

நம் பக்கத்து நாட்டுத் தலைநகரான ஜகார்த்தா, வெள்ளத்தோடு வாழப் பழகிய நகரம். 2012இல் அந்நகரப் பேரிடர் மேலாண்மை அமைப்பு ஒரு காரியம் செய்தது. நகரின் 267 'கெலுராஹான்' எனப்படும் வட்டாரங்களின் பிரதிநிதிகளைக் கூட்டி உட்கார வைத்தது. ஒவ்வொருவர் பக்கத்திலும் கணினி தெரிந்த ஒரு பல்கலைக்கழக மாணவர். எங்கள் வட்டார எல்லை இங்கே முடிகிறது, இது பள்ளி, இது மருந்தகம், வெள்ளம் வந்தால் மக்கள் கூடுவது இந்தப் பள்ளிவாசலில் என்று வட்டாரத்தார் சொல்லச் சொல்ல, மாணவர் அதைத் திரையில் குறித்தார்.

அவர்கள் பயன்படுத்தியது 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்'. 2004இல் பிரிட்டனில் தொடங்கிய இது, விக்கிப்பீடியாவைப் போல யார் வேண்டுமானாலும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய உலக வரைபடம். தகவல் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. எடுத்து அச்சிடலாம், பகிரலாம். 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களை இதில் வரைந்து கொடுத்த பிறகுதான், இதன் பேரிடர்காலப் பயன் பரவலாகத் தெரிய வந்தது.

2013 ஜனவரியில் ஜகார்த்தாவில் வெள்ளத்தடுப்புக் கால்வாயின் கரை உடைந்து நகர மையமே மூழ்கியது. அப்போது வட்டார எல்லைகளும் முக்கிய இடங்களும் ஏற்கெனவே படத்தில் இருந்தன. எந்த வட்டாரம் மூழ்கியது என்பதைப் பேரிடர் அமைப்பால் அந்தப் படத்தின் மேலேயே குறித்துக் காட்ட முடிந்தது. அடுத்த ஆண்டுகளில், மக்கள் டுவிட்டரில் அனுப்பிய வெள்ளத் தகவல்களை உடனுக்குடன் படத்தில் காட்டும் முயற்சியும் அங்கே வளர்ந்தது.

தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் 2015இல் 'ராமானி ஹுரியா' திட்டம் தொடங்கியது. சுவாஹிலி மொழியில் அதற்குத் திறந்த வரைபடம் என்று பொருள். வெள்ளம் வரும் குடிசைப்பகுதிகளில் மாணவர்களும் அங்கேயே வசிப்பவர்களும் சேர்ந்து சந்து சந்தாக நடந்தார்கள். கால்வாய் எங்கே தொடங்குகிறது, எங்கே குப்பையால் அடைபடுகிறது, முன்பு தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்றெல்லாம் கேட்டுக் குறித்தார்கள்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஒரு படம் இணையத்தில் வந்தது. தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே அதில் தொட்டுக் குறித்தார்கள். அது பேருதவி. என்றாலும் வெள்ளம் வந்த பிறகு வரையத் தொடங்கிய படம் அது. ஜகார்த்தா முந்திக்கொண்டது.

நம் தாமானில் ஒரு சனிக்கிழமை

இதற்குப் பொறியாளர் பட்டம் தேவையில்லை. குடியிருப்பாளர் சங்கமோ, ருக்குன் தெத்தாங்காவோ, கோயில் இளைஞர் அணியோ, பள்ளிப் பெற்றோர் சங்கமோ முன்னெடுக்கலாம். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு நடுத்தரத் தாமானைச் சில காலைப் பொழுதுகளில் நடந்து முடித்துவிடலாம்.

முதல் வேலை, இருக்கும் படத்தைப் பார்ப்பது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் தாமானைத் திறந்து, தெருக்கள் சரியாக இருக்கின்றனவா, என்னென்ன விடுபட்டிருக்கின்றன என்று பாருங்கள். அதைப் பெரிய தாளில் அச்சிட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு துண்டு கொடுங்கள்.

இரண்டாவது, குழுவைச் சேர்ப்பது. கைப்பேசியில் கெட்டிக்காரரான ஒரு பிள்ளையும், அந்த இடத்தில் நெடுநாள் வாழ்ந்த ஒரு பெரியவரும் சேர்ந்து நடக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தாமான்கள் ஒரு காலத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். அந்தத் தோட்டத்திலேயே பிறந்த தாத்தா பாட்டிகள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எந்த இடம் சதுப்பாக இருந்தது, பழைய கால்வாய் எந்தப் பக்கம் ஓடியது என்பது அவர்களுக்குத் தெரியும். வீடு கட்டும்போது கால்வாயை மூடியிருக்கலாம். தண்ணீர் தன் பழைய வழியை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

மூன்றாவது, நடப்பதும் குறிப்பதும். தாளில் பேனாவால் குறித்தாலே போதும். விருப்பமுள்ளவர்கள் 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்', 'எவ்ரி டோர்' போன்ற இலவசச் செயலிகளைக் கொண்டு நேரடியாகவே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கலாம். குறிக்க வேண்டியவை இவை:

• தண்ணீரின் வழி: லோங்காங், பெரிய கால்வாய், சாலைக்கு அடியில் போகும் குழாய், மதகு, பம்ப் நிலையம், வெள்ளத் தேக்கக் குளம். வழக்கமாக அடைபடும் இடம் எது?

• மின்சாரமும் தொடர்பும்: துணை மின்நிலையம், கைப்பேசிக் கோபுரம். வெளியே சாலையில் நின்று பார்த்துக் குறித்தால் போதும். வேலிக்குள் போகக்கூடாது.

• உடல்நலம்: கிளினிக், மருந்தகம், டயாலிசிஸ் மையம், முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம். தரைத்தளத்தில் இருக்கிறதா, மாடியிலா?

• அடைக்கலம்: பள்ளி, பாலாய் ராயா, கோயில் மண்டபம், சூராவ், தேவாலயம். எத்தனை மாடி? சாவி யார் பொறுப்பில்? சக்கர நாற்காலி ஏறுமா?

• வழி: முதலில் மூழ்கும் சாலை, கடைசி வரை தாக்குப்பிடிக்கும் சாலை, காரை முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்தக்கூடிய மேடு.

டயாலிசிஸ் மையத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுநீரக நோயாளிகள் பலருக்கு வாரத்துக்கு மூன்று முறை சிகிச்சை வேண்டும். வெள்ளம் வடிய நான்கு நாளானால் அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பி இருப்பவருக்கு மின்சாரம் போன அந்த நொடியிலிருந்தே ஆபத்து. நீரிழிவு நம் சமூகத்தில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது நமக்கே தெரியும். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கவும் இடம் வேண்டும். மேட்டில் இருக்கும் அடுத்த சிகிச்சை மையமும் மருந்தகமும் எங்கே என்று படத்தில் இருந்தால், முதல் எச்சரிக்கை வந்தவுடனே இவர்களை நகர்த்திவிடலாம்.

சுவரில் இருக்கும் கோடு

படத்தில் தாழ்வு எது, மேடு எது என்று எப்படிக் குறிப்பது? கைப்பேசி காட்டும் உயர அளவை நம்ப வேண்டாம். அது பல மீட்டர் தவறலாம். வெள்ளம் கண்ட வீடுகளின் சுவரைப் பாருங்கள். சுண்ணாம்பு அடிக்காத பின்சுவரிலோ தூணிலோ பழுப்புக் கோடு இருக்கும். தரையிலிருந்து அது எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, எந்த ஆண்டு வெள்ளம் என்று வீட்டாரிடம் கேட்டுக் குறியுங்கள். பத்துப் பதினைந்து வீடுகளில் அளந்தாலே, தண்ணீர் எங்கே ஆழம், எங்கே மேலோட்டம் என்ற உருவம் வந்துவிடும்.

பக்கத்துப் பக்கத்து இடங்களின் மட்டத்தை ஒப்பிட, வீடு கட்டும் மேஸ்திரி பயன்படுத்தும் முறை இருக்கிறது. தெளிவான நீண்ட பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் இருவர் பிடித்தால், தண்ணீர் நிற்கும் கோடு இரண்டு பக்கமும் ஒரே மட்டம். எந்த வாசல் எவ்வளவு தாழ்வு என்று அது காட்டிக்கொடுக்கும்.

இந்த அளவு எதற்கு? ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய கார் மிதந்து அடித்துச் செல்லப்படலாம். 60 சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலான வாகனங்களுக்கும் அதே கதி. வெளியேறும் சாலையின் தாழ்வான முனை எது என்று முன்பே தெரிந்தால், அங்கே காரோடு மாட்டிக்கொள்ள மாட்டோம்.

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'பப்ளிக் இன்ஃபோபாஞ்சிர்' தளத்தில் ஆறுகளின் நீர்மட்டம் வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளில் வெளியிடப்படுகிறது. உங்களுக்கு அருகில் உள்ள அளவு நிலையம் எது என்று பார்த்து வையுங்கள். கனமழை நாட்களில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும்: ஆறு இந்த அளவில் இருந்தபோது முனைக் கால்வாய் நிரம்பியது, இத்தனை மணி நேரம் கழித்து மூன்றாவது தெருவில் தண்ணீர் நின்றது. ஓராண்டு எழுதினால், திரையில் தெரியும் எண் உங்கள் வாசலுக்கு என்ன சொல்கிறது என்பது புரியும். இந்தக் கணக்கை வெளியிலிருந்து யாராலும் செய்து தர முடியாது.

மூன்று சங்கடங்கள்

இந்த வேலையில் இறங்கினால் சில கேள்விகள் நிச்சயம் வரும். அவற்றை மறைக்காமல் பேசிவிடுவதே நல்லது.

முதலாவது, வீட்டு விலை. வெள்ளம் வரும் இடம் என்று நாமே படம் போட்டுக் காட்டினால், நாளை வீட்டை யார் வாங்குவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். முப்பது ஆண்டு கடன் கட்டி வாங்கிய வீடு. அந்தக் கவலையைச் சிறுமையாக நினைக்கக்கூடாது. ஆனால் 2021 வெள்ளத்தின் படங்களை நாடே பார்த்துவிட்டது. தண்ணீர் வரும் என்பது ரகசியமில்லை. வந்தால் என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியாத ரகசியமாக இருக்கிறது. விலைக் கவலை கடுமையாக இருக்கும் இடத்தில், வெள்ள உயரத்தைச் சங்கத்துக்குள் தனியாக வைத்துக்கொண்டு, வசதிகளையும் வழிகளையும் மட்டும் பொதுப் படத்தில் சேர்க்கலாம். அடைபட்ட கால்வாயின் இருப்பிடத்தையும் படத்தையும் தேதியோடு மாநகர் மன்றத்திடம் கொடுக்கும்போது, வாய்ச்சொல்லாகப் போகும் புகாரை விட அதற்கு வலு அதிகம். கால்வாய் சரியானால் அதுவும் வீட்டு விலைக்கு நல்லதுதான்.

இரண்டாவது, அந்தரங்கம். படுத்த படுக்கையாக இருப்பவர் யார், தனியாக வாழும் மூதாட்டி யார் என்ற விவரம் மீட்புக்கு மிக முக்கியம். அதே விவரம் திருடனுக்கும் உதவும். அதனால் ஆட்களின் பெயர், வீட்டு எண், நோய் எதுவும் பொதுப் படத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ போகவே கூடாது. உரியவரின் சம்மதத்தோடு, தெருவுக்கு ஒருவர் பொறுப்பில், தாளில் எழுதி வைப்பதே பாதுகாப்பு. பொதுப் படத்தில் கட்டடங்கள் இருக்கட்டும், மனிதர்கள் வேண்டாம்.

மூன்றாவது, படம் பழசாகிப்போவது. கிளினிக் இடம் மாறும், மண்டபத்தின் பூட்டு மாறும், சாவி வைத்திருந்தவர் வீடு மாறிப் போவார். தவறான படம் இல்லாத படத்தை விட ஆபத்தானது. ஆண்டுக்கு ஒரு முறை, ஆண்டிறுதி மழைக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை என்று ஏதாவது மறக்க முடியாத நாளை வைத்துக்கொண்டு மீண்டும் ஒரு நடை நடக்க வேண்டும். படத்தின் மூலையில் திருத்திய தேதியைப் போட வேண்டும்.

தாளில் ஒரு பிரதி

இத்தனை உழைத்துக் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், அது மிகவும் தேவைப்படும் இரவில் பேட்டரி தீர்ந்திருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தகவலை 'ஆர்கானிக் மேப்ஸ்' போன்ற செயலியில் முன்பே இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் பார்க்கலாம். அதோடு நிற்காமல் பெரிய தாளில் அச்சிட்டுப் பிளாஸ்டிக் உறை போடுங்கள். கோயில் மண்டபத்தில் ஒன்று, சூராவில் ஒன்று, பாலாய் ராயாவில் ஒன்று. அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலும் மாநகர் மன்ற உறுப்பினரிடமும் ஒரு பிரதி. தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் குறிப்பு இருக்கட்டும். தண்ணீர் இனம் பார்த்து வருவதில்லை, படகும் அப்படித்தான்.

சமூக வரைபடம் மழையை நிறுத்தாது, பம்பைப் பெரிதாக்காது. அவை அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைகள். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியவை. ஆபத்தில் 999 எண்ணை அழைப்பதற்கும், வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுவதற்கும் இது மாற்று அல்ல. அழைப்பை எடுப்பவரிடம் இந்தத் தெரு, இந்த முனை, கோயிலுக்கு எதிர்வரிசை, படகு வர இந்தப் பக்கம்தான் வழி என்று நடுக்கமில்லாமல் சொல்ல இது உதவும்.

நாளை காலை நடைப்பயிற்சிக்குப் போகும்போது ஒன்று மட்டும் செய்து பாருங்கள். உங்கள் வீட்டு வாசல் லோங்காங் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று அதன் கூடவே நடந்து போங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வழியில் ஒரு பெரியவர், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்பார். சொல்லுங்கள். பிறகு அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.